ஜீப்புக்கு மூக்கு வைத்த வாரம்

1.11. சனி. கள்ளக்குறிச்சி

காலையிலிருந்து தூறல். நேற்று வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் முடிந்ததும் மலைக்குத் திரும்பவில்லை. தங்கை வீட்டில் தங்கல். இன்றைக்கு ஒரே வேலை: ஜீப்புக்கு ஸ்நார்க்கல்.

எதற்கு என்று எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும். போன செவ்வாய் எங்கள் ஊர்த் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர். போன வருஷம் அதே இடத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி இரண்டு மாதம் படுத்த பயம். திரும்பிவிட்டேன். செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தமாக வேண்டியவருக்கு ஒரு தடவை தவறியது. இரண்டு நாள் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போனது. நேற்று தண்ணீர் வடிந்த பிறகுதான் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சொன்னார்: "இன்னொரு வாட்டி பாலத்து மேல தண்ணி வந்துச்சின்னா நான் வர்ல மேரி. உன்ன ஆத்துல வுட்டுட்டு நான் மட்டும் பொழச்சி இன்னா பண்ணப் போறேன்?"

பையை வாங்கி வண்டியில் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

காதர் பாய் பட்டறை. பாய் பேசுவதெல்லாம் அவரிடமே. "அண்ணே, வண்டி எம்மாம் தண்ணியில எறங்கணும்?" இவர் ஓட்டுவதை விட்டு இரண்டு வருஷம், ஓட்டுவது நான் என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சாவியை முகத்துக்கு நேரே ஆட்டினேன். அதன்பின் "டீச்சர்" ஆனேன்.

ஸ்நார்க்கல் என்பது ஒரு கறுப்புக் குழாய். பக்கத் தகட்டில் புறப்பட்டுக் கண்ணாடி ஓரமாகக் கூரை வரை ஏறுகிறது. இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"தண்ணியில நின்னா வண்டி சாவறதில்ல டீச்சர். தண்ணிய மூச்சா இழுத்துக்கினாதான் சாவும். இது பழைய டீசல் எஞ்சின். மேலேர்ந்து காத்து வந்துக்கினே இருந்தா அது பாட்டுக்கு ஓடும்."

எரிவதற்கு ஆக்சிஜன் தேவை. வருஷா வருஷம் ஏழாம் வகுப்புக்கு எழுதிப்போடுகிறேன். என் ஜீப் மூச்சு விடுகிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

காகித அச்சை ஒட்டி அளவு குறித்து, நல்ல தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டார். அதைப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். ஒரு வடை. சுமார்.

2.11. ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமனார் மாமியார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகவில்லை. இருக்கிற பிள்ளைக்காகத்தான் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்வார்கள்.

பாய் இன்று செய்தது:
– ரப்பர் குழாய், கிளாம்பு, பசை.
– காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று, சேர்ந்த தண்ணீர் வடிவதற்கு. அதை அடைத்தார். "மேல மூக்க வச்சிட்டு கீழ ஓட்டய வுட்டா அது வழியா குடிச்சிடும்."
– கியர் பெட்டிக்கும் மெல்லிசாக ஒரு காற்றுக்குழாய். அதற்குமா மூக்கு என்றேன். "எல்லாத்துக்கும் மூச்சு இருக்குது டீச்சர்" என்றார், வேதபாடம் சொல்வது மாதிரி.

பிறகு சோதனை. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டூலில் ஏறி, ஸ்நார்க்கலின் தலையைக் கழற்றிவிட்டு, திறந்த வாயை உள்ளங்கையால் பொத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். பாய் முகம் சுருங்கியது.

"வேற எங்கியோ மூச்சு வாங்குது. அங்க தண்ணியும் பூரும்."

ஒரு கிளாம்பை முடுக்கினார். மறுபடி ஸ்டார்ட், மறுபடி பொத்தல். எஞ்சின் இருமி, நடுங்கி, நின்றது.

"செத்துச்சா? அப்ப பொழச்சிக்கும்."

பைபிள் வகுப்பில்கூட இப்படிக் கேட்டதில்லை.

இவர் டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து தானும் கையை வைத்துப் பார்த்தார். "உள்ள இழுக்குது மேரி. புள்ள பால் குடிக்கிற மாதிரி இழுக்குது." ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம்.

கிளம்பும்போது பாய் கண்டிப்பாகச் சொன்னது: "நிக்கிற தண்ணின்னா போங்க. பானட்டுக்கு மேல போவக் கூடாது. மொத கியர், நடுவுல நிறுத்தாதீங்க. ஓடற தண்ணின்னா கரையிலயே நில்லுங்க. மூக்கு இருக்குதுன்னு தண்ணி சும்மா வுடாது."

3.11. திங்கள். ஊர்

வெள்ளிமலை தாண்டி ஊருக்கு வந்ததும் கூட்டம். ஆளுக்கொரு பெயர். தும்பிக்கை. போர் பைப்பு. பெரும்பாலோர்: புகைக்குழாய். புகை வராது, காற்று உள்ளே போகும் என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தன், சங்கராபுரத்தில் டிராக்டர் ஓட்டியவர், எல்லாருக்கும் மேலாக ஆட்டினார். ஒருவருக்கும் புரியவில்லை.

4.11. செவ்வாய்

டயாலிசிஸ் ஆனது. பாலம் காய்ந்து கிடந்தது. புது மூக்குக்கு வேலை இல்லை. திரும்பும்போது மலை முழுக்கக் கறுத்துவிட்டது.

6.11. வியாழன்

இரண்டு நாளாக விடாத மழை. பள்ளி விடுமுறை. துணி காயவில்லை. மரவள்ளிக் காட்டில் எல்லாம் தண்ணீர். சுற்றிலும் இத்தனை தண்ணீர், அவருக்குக் குடிக்க டாக்டர் விட்ட அளவு நாளைக்கு மூன்று டம்ளர். ஜன்னலண்டை உட்கார்ந்து மழையையே பார்க்கிறார்.

சாயங்காலம் பாலத்துக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். கைப்பிடிக் கல் தெரியவில்லை.

வந்து சொன்னேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருவரை வற்புறுத்தி உயிரோடு வைக்க முடியுமா? தெரியவில்லை. அவர் பையை எடுத்து வைத்தேன்: ஃபைல், போர்வை, பிஸ்கட்.

7.11. வெள்ளி. ஆஸ்பத்திரியில் எழுதுவது

நடந்ததை வரிசையாக.

காலை ஆறு. மழை விட்டிருந்தது, பனி. அவர் பையை வண்டியில் வைத்தேன். அவரும் வந்து ஏறினார். எனக்காக ஏறினார், தனக்காக இல்லை. முகத்திலேயே தெரிந்தது.

ஸ்டார்ட் செய்தேன். இருமியது, நின்றது. மறுபடி. அதே இருமல், நின்றது. "வுடு மேரி. வண்டிக்கே தெரிஞ்சிருக்கு" என்றார்.

இறங்கிச் சுற்றி வந்தேன். ஸ்நார்க்கலின் தலையில் யூரியா மூட்டையின் உள் பிளாஸ்டிக் பை, சணலால் இறுக்கிக் கட்டி. எஞ்சின் இழுத்த இழுப்பில் உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

கோவிந்தன் ஓடி வந்தார். "நான்தான் டீச்சரம்மா கட்டினேன். மழ உள்ள எறங்கிடுமேன்னு. டிராக்டர் பொகக் கொழாய்க்கு அப்படித்தான மூடுவோம்?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதித் திட்டில் நிறுத்திவிட்டேன். பாய் உள்ளங்கையால் செய்த சோதனையைத்தான் கோவிந்தன் யூரியா பையால் செய்திருக்கிறார். இரண்டு நாள் கல்லிலும் குழியிலும் குலுங்கிய பிறகும் எங்கேயும் ஒழுக்கு இல்லை. இல்லாவிட்டால் வண்டி ஓடியிருக்கும். சிரிப்பு வந்துவிட்டது. திட்டு வாங்கியவர் மிரண்டுபோய் நின்றார். பையை அவிழ்த்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனது; கோவிந்தனும் கடப்பாரையோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

பாலத்தில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஏழு, எட்டு. கீழே தடுப்பணை நிரம்ப நிரம்பத் தண்ணீர் பின்னால் தேங்கி, மெல்ல மெல்ல ஓட்டம் குறைந்தது. ஒன்பதுக்குக் கோவிந்தன் ஒரு சருகைப் போட்டுக் காட்டினார். சருகு போட்ட இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆழம் மட்டும் இடுப்புக்கு மேல்.

கோவிந்தன் கடப்பாரையால் பாலத்தைத் தட்டித் தட்டி முன்னால் நடந்தார். "ஓரத்துக்குப் போவாதீங்க, என் முதுகையே பாத்துக்கினு வாங்க." முதல் கியர். தண்ணீர் விளக்கை மூடியது. கதவிடுக்கில் உள்ளே வந்தது, கணுக்கால், அப்புறம் ஆடுசதை. பானட் விளிம்பில் அலை. வண்டியைக் காணோம், நாங்கள் இருவரும் தண்ணீரில் உட்கார்ந்து போகிறோம். எஞ்சின் சத்தம் அடங்கி எங்கோ அடியில் கேட்டது. அவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே, காதுக்கு நேராக, அது மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தது. ஸ்ஸ்... ஸ்ஸ்... விடாமல். அத்தனை தண்ணீருக்கு நடுவே அத்தனை சின்னக் காற்று. சேசுவே, சேசுவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

முன்சக்கரம் மேட்டில் ஏறியது. வண்டியிலிருந்து தண்ணீர் நாலு பக்கமும் கொட்டியது. கோவிந்தன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ஜீப்பைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் தோன்றியது, டீச்சராயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மலை இறங்கும்வரை இவர் ஈரக் கால்களோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இன்னும் கோபமோ என்று பயம்.

பதினொன்றரைக்குப் படுக்கை கிடைத்தது. இப்போது குழாயில் ரத்தம் போகிறது, வருகிறது. தூங்குகிறார் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்:

"போம்போது டீசல் ரொப்பிக்க மேரி. செவ்வாக்கெழம வரணும் இல்ல."