முந்நூறு ரூபாய் விளையாட்டு

நவ. 11, செவ்வாய்

காலையில் நல்ல குளிர். எங்கள் லோத்குண்டா முழுக்கப் பனி. ஸ்வெட்டரைத் தேடியதில் பள்ளி ஆபீசுக்கு ஏழு நிமிடம் தாமதம். எல்லாருடைய லேட்டையும் குறித்து வைக்கிறவளே லேட் என்று பியூனுக்கு ஒரே சிரிப்பு.

வாங்க: து. பருப்பு, இவருக்கு பி.பி. மாத்திரை, ரிமோட்டுக்கு பேட்டரி.

மாலை ஒரு மணி நேரம் தீவு. மகன் கெவின் புனேக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கன்சோல். டிவியில் மாட்டியும் ஆடலாம், கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ஆடலாம். தூசி தட்டப் போய் மாட்டிக்கொண்டேன். இன்றைய நிலவரம்: தென்னை நாற்பது, வாத்து ஏழு, பாலம் பாதி.

இந்தத் தீவு விளையாட்டு மட்டும் நானே வாங்கியது. நாலாயிரத்து ஐநூறு. இவரிடம் சொன்னது முந்நூறு. சேலை என்றால் பாதி, செருப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு, கல்யாணமான நாளிலிருந்து இதுதான் என் ரேட். வாங்குவது என் சம்பளத்தில். கை நீட்டி இவரிடம் கேட்டதே இல்லை. ஆனாலும் வாய் தானாகக் குறைத்துவிடுகிறது. இந்த முறை கொஞ்சம் ஓவர்தான்.

நவ. 13, வியாழன்

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசை.

கெவின் போன். அடுத்து ஒரு ரயில் விளையாட்டு வந்திருக்கிறது, நாலாயிரத்து முந்நூறு என்றேன்.

"மம்மி, டவுன்லோட் நக்கோ, வேணாம். கடையில கேம் கார்டா வாங்கு. முடிச்சிட்டு வித்துடலாம். டவுன்லோடை யாருக்கு விப்ப?"

நியாயம். இரவல் கொடுக்கவும் முடியாத சாமானுக்கு அதே விலை எதற்கு?

பஸ்ஸில் கணக்குப் போட்டேன். தீவில் இதுவரை நூற்றைம்பது மணி நேரம். மணிக்கு முப்பது ரூபாய். தார்நாகா வரை ஆட்டோவில் போனால் அந்தப் பணத்தில் பாதித் தெருகூடத் தாண்டாது. அப்படிப் பார்த்தால் மலிவு. ஒரே மூச்சில் நாலாயிரத்து ஐநூறு என்று பார்த்தால் வயிறு எரிகிறது. என் தீர்ப்பு: பெரிய விளையாட்டு இரண்டாயிரம், சின்னது ஐநூறு, வாத்து இருந்தால் நூறு சேர்த்துக்கொள்ளலாம்.

கெவினிடம் சொன்னேன். "உன்னை யாரு மம்மி கேட்டாங்க?" என்கிறான்.

நவ. 15, சனி

ஹப்சிகுடாவில் பல் டாக்டர். கடைவாய்ப் பல், மூன்றாவது சிட்டிங். ஊசி போட்டதில் பாதி முகம் மரத்து, மாலை வரை பேச்சு குழறல்.

அந்தக் குழறலோடு வீட்டுக்கு வந்தால் டிவிக்குப் பக்கத்தில் தீவின் டப்பாவைக் காணோம். நேற்று கெவினின் பழைய ரேஸ் விளையாட்டைப் போடக் கார்டை எடுத்து டப்பாவில் பத்திரமாக வைத்தவள் நான்தான். என் பத்திரமே!

நாளை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வீட்டுக்கொரு பெட்டி காணிக்கை போக வேண்டும், ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலம். வருடாவருடம் ஏலம் விடுவது இவர். பெட்டியை இவரே கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"பூசணிக்கா, வாழைத்தார், ரெண்டு எவர்சில்வர் தூக்கு. சின்னப் பிள்ளையளுக்கும் ஏதாவது வேணும்லா? அதான் அந்த வெளையாட்டையும் வச்சேன்."

"அய்யோ, அது என்னோடது!"

"முந்நூறு ரூவா சாமான்தான? வேற ஒண்ணு வாங்கிக்கிடு."

காணிக்கைப் பெட்டிக்குள் போனதைத் திரும்ப எடுக்கும் வழக்கம் எங்கள் சர்ச்சில் கிடையாது. வேண்டுமென்றால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். ஊசியின் புண்ணியத்தில் வாயைத் திறக்காமல் இருந்தேன். நாளை யாருக்கும் இதன் விலை தெரியக் கூடாது. முந்நூறுக்கு நானே எடுத்துவிட்டால் பொய்யும் பிழைக்கும், தீவும் பிழைக்கும்.

நவ. 16, ஞாயிறு

நல்ல வெயில். பிரசங்கம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நெய்ச்சோறு, கறிக்குழம்பு.

ஏலம். பூசணிக்காய் எழுநூறு. யாரோ சுட்ட பிளம் கேக் இரண்டாயிரம். பண்டிகை ஏலத்தில் இதெல்லாம் சகஜம். பிறகு இவர் என் டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளையளுக்கு வீடியோ கேம். நூறு ரூவா!"

"முந்நூறு" என்றேன் உடனே. ஒரு தரம். ரெண்டு தரம். என் மனசு பாலத்தைத் தாண்டி வாத்துகளிடம் போய்விட்டது. அப்போதுதான் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ரூபன் எழுந்தான்.

"ஆயிரம்! அங்கிள், ஒரிஜினல் கார்டு. புதுசு நாலாயிரத்து ஐநூறு!"

சபையே "ஹவ்? அப்படியா?" என்றது. இவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் மைக். கோபப்படவும் முடியாது.

நான் ஆயிரத்து ஐநூறு. ரூபன் இரண்டாயிரம். நான் மூவாயிரம்.

"கைக்கு ஆன்ட்டி, எதுக்கு? நீங்களா விளையாடுறீங்க?"

"ஆமா, நான்தான்!" என்றேன். ஐயரம்மா கை தட்டினார். போதகரின் மனைவியே தட்டிய பிறகு எனக்கென்ன வெட்கம்? ரூபன் நாலாயிரம், நான் நாலாயிரத்து இருநூறு, அவன் நாலாயிரத்து ஐநூறு. நான் நாலாயிரத்து அறுநூறு.

வேறு யாராக இருந்தாலும் இரக்கப்பட்டு முடித்திருப்பார்கள். இவர் ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில் ஒரு பாமாலையே பாடிவிடலாம் போல இழுத்தார், சொந்தப் பெண்டாட்டியிடம்! ரூபன் உட்கார்ந்தான். புதுசின் விலையை விட நூறு ரூபாய் கூடக் கொடுத்து என் பொருளை நானே வாங்கினேன்.

ஸ்கூட்டரில் வீடு வரை டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நவ. 17, திங்கள்

ஆபீசில் கட்டண ரசீது இரண்டைத் தப்பாக அடித்தேன்.

மாலை இவரே ஆரம்பித்தார்.

"ரூவா பெருசில்ல, மெர்சி. கோயிலுக்குத்தான போச்சு. எங்கிட்ட எதுக்கு முந்நூறுன்னு சொன்ன? நான் என்ன, வேண்டாம்னா சொல்லிருப்பேன்?"

"சொல்லிருப்பிய."

யோசித்தார். மீசையை நீவிக்கொண்டு நன்றாகவே யோசித்தார்.

"ஆமா. சொல்லிருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் சொந்தச் சம்பளத்தில் திருடி மாதிரி வாங்கியிருக்கிறேன். அதை அப்படியே இவரிடம் சொன்னேன். "சேலையுமா?" என்றார். சேலையும்தான். "செருப்பு?" இதற்கு மேல் வேண்டாம் என்று அடுப்படிக்கு எழுந்துபோய்விட்டேன்.

இரவு கத்தரிக்காய்க் கூட்டு. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நவ. 22, சனி

மறுபடியும் பனி. பல் வலி போயே போச்சு. பாலம் முடிந்தது, வாத்துகள் அக்கரையில்.

ரயில் விளையாட்டு விலை இறங்கவில்லை, இறங்கும் என்ற அறிகுறியும் இல்லை. இவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

"ஒரு வெளையாட்டு வாங்கப் போறேன். நாலாயிரத்து முந்நூறு."

பேப்பர் இறங்கியது.

"ரொம்ப அதிகம்லா மெர்சி."

"ஆமா, அதிகம்தான்" என்றேன்.

ஆர்டர் போட்டேன்.