உங்கள் சர்ச்சில் நான் பேசிய தமிழ்

அக்கா,

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் கண்ணாடித் தட்டு கையில் அகப்பட்டது. அடியில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் உங்கள் பெயர், உங்கள் கையெழுத்தில். உங்கள் சர்ச் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். யார் வீட்டில் நோய் என்றாலும் இழவு என்றாலும் ஒரே மாதிரித் தட்டுகள் வரிசையாகப் போய் இறங்கும். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. என் கணவரின் ஆபரேஷனுக்கு மக்ரோனியோடு வந்தது இது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தர மனம் வராமல் நான் புளியோதரை வைத்தேன். நீங்கள் இடியப்பம் வைத்தீர்கள். அப்படியே வருடக்கணக்கில் போய் வந்து, கடைசியில் என் வீட்டில் தங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டாலஸுக்கு வடக்கே இந்த ஊருக்கு நாங்கள் வந்த வாரம், பக்கத்து வீட்டுப் பெண்மணி கேட்ட முதல் கேள்வி, எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்பது. என் கணவர் மரியாதைக்கு, "இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லித் தொலைத்தார். அந்த ஞாயிறே மூன்று சர்ச்சுகளிலிருந்து ஆட்கள் கேக்கோடு வந்துவிட்டார்கள். மூன்றாவது கூட்டத்தில் நீங்கள். என் பொட்டையும் உள்ளே எரிந்த விளக்கையும் பார்த்தீர்கள்.

"தமிழோ?" என்றீர்கள். கூட வந்தவர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு சோபாவில் உட்கார்ந்தீர்கள். "பயப்பிடாதையும். நான் உமக்கு ஞானஸ்நானம் குடுக்க வரேல்ல. ஒரு தேத்தண்ணி தாரும்."

டீ போட்டுக் கொடுத்தேன். அன்றே பிடித்துப் போயிற்று உங்களை. பொறாமையும் அன்றே தொடங்கியது.

நம் இருவருக்கும் ஒரே நிறம். என் ஆங்கிலம் உங்களுடையதைவிட ஒரு பிடி நன்றாகவே இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து நர்ஸாக வந்து, டெக்சாஸ்காரரைக் கட்டிக்கொண்டு, ஞாயிறுதோறும் அந்த பெஞ்சில் உட்கார்ந்த உங்களை ஊருக்கே தெரிந்தது. மேயரும் பள்ளி போர்டுக்கு நிற்பவர்களும் சர்ச் வாசலில் உங்கள் கையைக் குலுக்கினார்கள். நானும் சிட்டிசன்தான், தவறாமல் வோட்டுப் போடுகிறேன். மேயர் முகத்தை நான் பார்த்ததெல்லாம் தேர்தல் நோட்டீஸில்தான்.

கோயில் கட்ட அனுமதி கேட்டு நாங்கள் நகர கவுன்சில் முன் நின்ற மாலையில் அந்தப் பொறாமை முற்றியது. கூட்டமே ஜெபத்தோடுதான் தொடங்கியது. எல்லோரும் தலை குனிந்தார்கள், நானும் குனிந்தேன், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் கோயில் கமிட்டியில் இருந்த டாக்டர் பார்க்கிங் வரைபடம் எல்லாம் காட்டி விளக்கினார். ஒருவர் மணிச் சத்தம் பற்றிக் கேட்டார். இன்னொருவர், அங்கே மாடு வளர்ப்பீர்களா என்றார். இன்றைக்கு நடக்காது என்று நினைத்தபோது பின்வரிசையில் நீங்கள் எழுந்தீர்கள். எந்த சர்ச், அங்கே ஞாயிறு பள்ளியில் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்று சொன்னீர்கள். இவர்கள் என் அக்கம்பக்கத்தார், நல்லவர்கள் என்றீர்கள். அவ்வளவுதான். அனுமதி கிடைத்துவிட்டது.

வெளியே எல்லோரும் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடினார்கள். நான் காரில் உட்கார்ந்து அழுதேன். "நம்ம சாமிக்கு அவங்க சிபாரிசு பண்ணனுமா? நாம டாக்ஸ் கட்டறதெல்லாம் பத்தாதா?" என்று கணவரைப் பிடித்து உலுக்கினேன். "பர்மிட் கெடைச்சுதல்ல, வுடு" என்றார் அவர்.

உங்களிடம் மறைக்க முடியவில்லை. அடுத்த வாரமே, "உங்களப் பாத்தா வயிறு எரியுதுக்கா" என்று சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

"உமக்கு என்னிலயோ? அங்க என்னட்டை, நீ எப்ப கிறிஸ்டியனா மாறினனீ எண்டு இப்பவும் கேக்கினம். அவை அந்த சர்ச் கட்ட முந்தியே எங்கட பூட்டன் உபதேசியார்! இவ்வளவு வருசத்தில அங்க ஒரு சொல்லுத் தமிழில செபம் கேக்கேல்ல நான். உங்கட கோயில்ல செருப்புக் கழட்டுற இடத்திலயே தமிழ் கேக்கும். எனக்கு அதுதான் எரியுது."

பிறகு கோப்பையை வைத்துவிட்டு, "நான் செத்தா நீர் வந்து தமிழில செபம் பண்ணவேணும்" என்றீர்கள்.

"எனக்கு உங்க ஜெபமெல்லாம் தெரியாதுக்கா."

"ஆண்டவருக்குத் தமிழ் தெரியும். நீர் கதைச்சாப் போதும்."

இந்த வசந்தத்தில் அந்த நாள் வந்தது. உங்கள் சர்ச்சில் கார் நிறுத்த இடமில்லை. மேயர் வந்திருந்தார். சமையலறை மேசை நிறைய டேப் ஒட்டிய தட்டுகள். சவப்பெட்டி முன்னால் நின்றும் என் புத்தி, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்றுதான் எண்ணியது. உங்கள் மகன் பாஸ்டரிடம் சொல்லிவைத்திருந்தான் போலிருக்கிறது, என்னைக் கூப்பிட்டார்கள். பட்டுப் புடவையும் பொட்டுமாக மேடையேறினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாமி, எங்க அக்கா வந்துட்டு இருக்காங்க. குளிர் தாங்க மாட்டாங்க. முட்டி வலி உண்டு, படி இருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. உக்காந்ததும் ஒரு தேத்தண்ணி குடுங்க."

அதுவரை அழாமல் இருந்த உங்கள் கணவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அந்தத் 'தேத்தண்ணி'தான். முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். ஒரு வார்த்தை புரியாமல் சர்ச் முழுவதும் "ஆமென்" என்றது.

இன்று புளியோதரை செய்திருக்கிறேன். உங்கள் தட்டில் வைத்து உங்கள் கணவரிடம் கொண்டுபோகிறேன், டேப்பை உரிக்காமல். நான் போகும் நாளில் எங்கள் கோயில் அய்யர் சமஸ்கிருதத்தில் மந்திரம் சொல்வார், என் பிள்ளைகள் இங்கிலீஷில் அழுவார்கள். உங்களுக்குத் தமிழில் பேச நான் இருந்தேன். எனக்காக எழுந்து பேசத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள், முந்திக்கொண்டு போய்விட்டீர்கள். வயிறு இன்னும் எரிகிறது அக்கா.