டிராலி போகும்வரை கேட் திறக்காது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் சுகம், நான் காவல் இருக்கும் ரயில்வே கேட்டும் சுகம். போனில் கூப்பிட்டால் நீ ‘ம்’, ‘சரி’, ‘வேலை இருக்கு’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்துக்குள் நான் இருந்ததைவிட அதன் சுவரேறிக் குதித்ததுதான் அதிகம் என்று உனக்கே தெரியும்.

முதலில் உன் ஸ்டேஷன் சேதி. நீ உட்கார்ந்திருந்த டிக்கெட் ஜன்னலில் குளவி கூடு கட்டியிருக்கிறது. உன்னைவிடச் சுறுசுறுப்பு. யார் கை நீட்டினாலும் உடனே கவனிக்கிறது. வெயிட்டிங் ரூம் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிளாட்பாரத்தில் ஆடுகள், வண்டி லேட் என்று யாரோ சொன்னது போலக் கால் நீட்டிப் படுத்திருக்கின்றன. நம் ஸ்டேஷன் மட்டுமில்லை, மலையடி வரைக்கும் எல்லாம் இதே கோலம்தான். ஒன்றுக்குக் கூரை இல்லை. இன்னொன்றில் ஊர்ப்பெயர்ப் பலகை பன்றிக் கொட்டிலுக்குக் கதவாகிவிட்டதாம். என் கொழுந்தன் சொன்னான். அதான், உன் ஆமை மச்சான்.

நின்றுபோனது ரயில்தான். தண்டவாளம் இன்னும் இலாகா சொத்து. ஏதாவது களவு போயிருக்கிறதா என்று ஆமையும் இரண்டு ஆட்களும் தினமும் தண்டவாளத்தின் மேலே டிராலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்து வர வேண்டும். டிராலி வந்தாலும் கேட்டை மூட வேண்டும். அது சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் உன் அக்கா இப்போது கண்ணில் ஒற்றிக்கொண்டு கடைப்பிடிக்கிறாள்.

ஏன் என்று கேள். அந்தப் பஸ் முதலாளி, நம் ஏர்ஹாரன், அவன் பஸ்ஸெல்லாம் இந்தக் கேட்டைத் தாண்டித்தானே போயாக வேண்டும்!

அவனை நான் மறப்பேன் என்று நினைத்தாயா? காய்ச்சலில் நீ டிக்கெட் ரூம் தரையில் சுருண்டு கிடந்தாய். நெற்றியில் ஈரத்துணி போட்டவள் நான். விசாரிக்க வந்த அதிகாரியிடம், ‘குடிச்சிட்டு உருண்டு கிடந்தாருங்க, என் கண்ணால பார்த்தேன்’ என்று கைகட்டிச் சொன்னவன் அவன். நான் சொன்னதை அக்கா பாசம் என்று தள்ளிவிட்டார்கள். உன் வேலை போயிற்று. உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. ரயில் நிற்காமல் போயிற்று, பிறகு ரயிலே போயிற்று. அவனுக்குப் பஸ்ஸுக்கு மேல் பஸ். அதுகூடத் தொலையட்டும். நீ கடைத்தெருவில் நடந்தபோது, ‘என்னப்பா, இன்னிக்கு நேரா நடக்கிறாரு’ என்று சலூன்காரன் சொல்ல, நாற்காலியில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்களே. வாயில் ஒரு சொட்டு வைக்காத பிள்ளை நீ. அதற்குப் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

அதனால் இப்போது வளைவில் அவன் பஸ் சத்தம் கேட்டதும் ஆமை டிராலியை எடுப்பான், நான் கேட்டை இறக்குவேன். சாலை நடுவுக்கு வந்ததும் சக்கரத்தில் ஏதோ கிறீச்சென்கிறது என்று நிறுத்துவான். குனிந்து பார்ப்பான். அண்ணாந்து பார்ப்பான். வானத்தில் என்ன சக்கரமா இருக்கிறது? ‘அண்ணி, எண்ணெய் இருக்கா?’ என்பான். ‘இருக்கு, எங்க வச்சேன்னுதான் தெரியல’ என்பேன். டிரைவர் பாவம், அவனுக்கு மட்டும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். பயணிகள் அலுத்துப்போய், பஸ் நுழைய முடியாத மண்பாதை வழியே சுற்றிப் போகும் வேன்காரனிடம் மாறத் தொடங்கினார்கள். ஏர்ஹாரன் மேலிடத்தில் புகார் கொடுத்தான். வந்து பார்த்த புது அதிகாரி, டிராலிக்குக் கேட்டை மூடுவதுதான் முறை என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலித்தது.

போன செவ்வாய்க்கிழமை ஏர்ஹாரனே பஸ்ஸில் வந்தான். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போக ஒப்பந்தம் பிடித்திருந்தான். அன்றுதான் முதல் நாள். நேரம் தவறினால் கைவிட்டுப் போகும். பஸ் நிறைய ஆட்கள். முன் சீட்டில் நம் சலூன்காரன் வேறு.

இறங்கி வந்து, ‘தாயே, திறந்து விடு’ என்றான். ‘டிராலி நிக்குதே ஐயா’ என்றேன். ‘உனக்கு என்னதான் வேணும்?’ என்றான். ‘ஒண்ணும் வேணாம். என் தம்பி அன்னிக்குக் குடிச்சிருந்தானா? எனக்கு மறந்துபோச்சு, நீதான் கண்ணால பார்த்தவனாச்சே’ என்றேன். ஏதோ முணுமுணுத்தான். ‘பின் சீட்டுக்குக் கேக்கலையாம்’ என்றான் ஆமை, டிராலிக்கு அடியிலிருந்து. கடைசியில் ஏர்ஹாரன் கத்தினான்: ‘குடிக்கல! காய்ச்சல்! நான்தான் மாத்திச் சொன்னேன், போதுமா!’

சலூன்காரன் ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அவன் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி. சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

டிராலி சக்கரம் அந்த நிமிஷமே சரியாகிவிட்டது. இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று ஏர்ஹாரனுக்கு வாக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மறுபடி மூடினேன். அவன் சொன்ன பொய்க்கு நானும் ஒன்று சொல்ல வேண்டாமா?

அவன் வாயால் கேட்டுவிட்டால் மனசு குளிரும் என்று இருந்தேன். அவன் பஸ் போய்ப் புழுதி அடங்கியதும் பார்க்கிறேன், நான் மட்டும்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

இன்னொரு சேதி. மழைக்கு முன்னால் தண்டவாளத்தைப் பெயர்க்கப் போகிறார்களாம். ஸ்டேஷனை இடிப்பார்கள். கேட்டும் போகும், நான் இருக்கும் இந்தக் கேட் வீடும் போகும். எனக்கு வேறு ஊரில் ஏதோ அலுவலகம் கூட்டும் வேலையாம். நல்லதுதான், உட்கார்ந்து கூட்டலாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதற்குள் ஒரு தரம் வா. கடைத்தெரு நடுவில் நாம் இரண்டு பேரும் நடப்போம். சலூனில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொள். அவன் கை நடுங்கும், கன்னம் பத்திரம். கோபம் ஆறட்டும், அப்புறம் வருகிறேன் என்று இருந்துவிடாதே. எனக்கே ஆறவில்லை. ஆறாமலே வா.

நேரத்துக்குச் சாப்பிடு. பாரம் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள். அந்த ஊரில் உன்னை ஒரு தீங்கும் அண்டக் கூடாது. எவனாவது அண்டினால் அவன் பெயரை மட்டும் எனக்கு எழுது.

உன்
அக்கா