பெயர் சொல்லிப் பாடுகிறவன்

1983 அக்டோபர் 16, ஞாயிறு

தொண்டை கட்டிக் கிடக்கிறது. நேற்றுக் கல்யாணத்தில் அப்படிப் பாடியிருக்கிறேன். அண்ணன் கனானிஷோவின் மகன் நினிப் சிகாகோவுக்கு வந்தபின் முதல்தடவையாக நடன வரிசையின் தலைப்பில், முதல் ஆளாக நின்றான். சிவப்புக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு நேரே வந்தான். சும்மா விடுவேனா? "கிர்கூக் கனானிஷோ மகனே, பட்டாளத்தை உதறிவிட்டு மலை தாண்டி வந்த சிங்கமே" என்று கட்டிப் பாடினேன். பெண்கள் குலவையிட்டு ஓயவில்லை.

பகலெல்லாம் கடையில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவன் நான். மைக்கைப் பிடித்தால்தான் பாக்தாத் மேடைகளில் பாடிய இஷாயா. தலைப்பில் ஆடுகிறவனின் பெயர், அப்பன் பெயர், ஊர் மூன்றையும் பாட்டில் ஏற்றாவிட்டால் எங்கள் அசீரிய ஜனங்கள் என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

தலைப்புக்கு வந்தவர்களில் ஒருவன் மட்டும் தன் பெயர் வேண்டாம் என்றான். ஒராஹா. டாக்சி ஓட்டுகிறவன், இந்தக் கோடையில்தான் ஈராக்கிலிருந்து வந்தான். மேடையிலிருந்து குனிந்து ஊரைக் கேட்டேன். வாயில் விரலை வைத்து, "பேர் சொல்லாதீங்கண்ணே" என்றான். ஊரைச் சொல்லக் கூசுகிற அசீரியன் உண்டா? கையில் டேப் ரெக்கார்டர் வேறு.

நவம்பர் 6

மறுபடியும் ஒராஹா. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அந்த டேப் பெட்டியோடு நிற்கிறான். குடிப்பதில்லை. யாருக்கும் பிடிகொடுப்பதில்லை. மனைவி ஷூஷனிடம் சொன்னேன். "உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் பாக்தாத் ஒற்றன்தான். போன வருஷம் அந்தப் பல் டாக்டரைச் சொன்னீங்க" என்றாள்.

பல் டாக்டர் விஷயத்தில் நான் சொன்னது தப்பென்று இன்னும் யாரும் காட்டவில்லை.

1984 ஜனவரி 12

கிர்கூக்கிலிருந்து அண்ணி போன். "உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. யாரையும் பார்க்க விடல." போனை வைத்துவிட்டாள். அங்கிருந்து வரும் போனில் ஆஸ்பத்திரி என்றால் சிறை. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பட்டாளத்தை விட்டு ஓடினவனின் அப்பனைப் பிடிப்பார்கள் என்று, மகன் ஈரான் போர்முனையில் காணாமல் போனான் என்றுதானே அண்ணன் அவர்களிடம் சொல்லியிருந்தான்? அவன் இங்கே ஆடிக்கொண்டிருப்பது எப்படித் தெரிந்தது? யார் சொன்னது?

யாரென்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 15

பூசை முடிந்து சர்ச் கூடத்தில் தேநீர். எல்லோர் முன்னாலும் கேட்டேன். "யாருக்குடா பதிவு பண்ற? கேசட்டை எந்தத் தூதரகத்துல கொண்டுபோய்க் குடுக்குற?"

ஒராஹா டம்ளரைக் கீழே வைத்தான். "டாக்சியில போட்டுக் கேட்கத்தான். அண்ணே, எனக்கும் அங்க ரெண்டு தம்பிங்க இருக்காங்க."

"அதனாலதான் விலை போனியா?"

 ஒராஹா குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிப் போனான். நினிப் வாசல்வரை பின்னாலேயே போய்க் காறித் துப்பினான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிப்ரவரி 5

ஒராஹாவை எங்கள் அசீரிய கிளப்புக்குள் விடுவதில்லை. நம் ஆட்கள் அவன் டாக்சியில் ஏறுவதுமில்லை. அண்ணியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பிப்ரவரி 19

அண்ணியின் தங்கை நானாஜான் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக வந்து சேர்ந்தாள். ஷூஷன் திராட்சை இலையில் சோறு பொதிந்து தோல்மா வைத்தாள், வந்தவள் தொடவில்லை. என்னைத் தவிர எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசினாள். எதையோ மறைக்கிறாள் என்று விடாமல் குடைந்தேன்.

"விசாரணையில மச்சானுக்கு கேசட் போட்டுக் காட்டினாங்களாம். கல்யாணப் பாட்டு. இங்கேருந்து யாரோ ஆசையாக் கொண்டுவந்தது, அங்க வீட்டுக்கு வீடு ஓடுது."

"பதிவு பண்ணவன் யாருன்னு சொன்னாங்களா?"

"எவன் பண்ணா என்ன? பாடினது நீங்கதானே. அப்பன் பேரு, ஊரு, மலை தாண்டி வந்தது, ஒண்ணையும் விடலியே நீங்க."

நினிப் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டான்.

பிப்ரவரி 20

அடப்பாவி, நானா? நானேதானா?

அன்று மண்டபத்தில் மேஜைக்கு மேஜை டேப் ரெக்கார்டர் ஓடியது. என் கண்ணில் பட்டது ஒருவன் மட்டும். நான் இறைச்சி வெட்டும் கடையின் வாசலிலேயே அந்தக் கேசட் விற்பனைக்கு அடுக்கியிருக்கிறது. அட்டையில் என் படம், பல்லெல்லாம் தெரிய.

மார்ச் 11

தவக்காலம், கல்யாணம் கிடையாது. நல்லவேளை.

ஒராஹாவைத் தேடிப் போனேன். சங்கிலியை மாட்டியபடியே கதவைத் திறந்தான். "யார் அனுப்பினாங்க உங்களை?"

"யாரும் அனுப்பலடா. தப்பு என்னோடது. மன்னிச்சிடு."

 "எந்த ஊர்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்று கதவைச் சாத்தினான். அவனுக்கு இப்போது என்மேல் சந்தேகம். இருக்கட்டும்.

ஏப்ரல் 29

ஈஸ்டருக்குப் பின் முதல் கல்யாணம், நேற்று. முன்பே கொடுத்த வாக்கு. அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான்.

ஒவ்வொருவனும் கைக்குட்டையோடு மேடைக்கு நேரே வந்து காத்து நின்றான். "வந்தவனே வாழ்க, ஆடுகிறவனே வாழ்க." அதற்குமேல் நான் பாடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மேடையேறிவிட்டார். "என் அப்பன் பேரைச் சொல்ல வாய் வலிக்குதா ஒனக்கு?" நான் வாயில் விரலை வைத்தேன். பாடுகிற கிழவனுக்கு மறதி என்று என்னைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

பிறகு நினிப் தலைப்புக்கு வந்தான். பிப்ரவரியிலிருந்து என்னோடு பேசாதவன். மேடைக்கு நேரே நின்று என்னையே பார்த்தான். மேளக்காரன் அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான். நான் மைக்கைத் தாழ்த்தி, வாய்க்குள் அவன் பெயரைச் சொன்னேன், அப்பன் பெயரையும் சொன்னேன். அந்த மேளத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. கைக்குட்டையைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான்.