அவள் கொடுத்த மாத்திரைகள்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மனசளவில் எப்படி என்று உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள், நீயும் நான் பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்லி முடித்துவிடுவாய். இந்த விஷயத்தை யாரும் குறுக்கே பேசாமல் முழுசாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. நம் ரிப்பேர் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரே ஒரு பழைய ஃப்ரிட்ஜ் முதுகைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் சொந்தக்காரர் சாயங்காலம் வந்து கத்துவார், கத்தட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படி கட்டினவன் நான்தான் என்பது போல. பேத்தி மிளகுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் யார் பேரைக் கேட்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிறாளாம். முகம் அப்படியே உன் தம்பிதான். சிரிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நாம் தெரிந்து வைத்திருந்ததில் பெரும்பகுதி தப்பு. காட்டுக்குள் கரண்ட் டவர் கட்டி ஒயர் இழுக்கிற வேலைக்குப் போனவன் போன வருஷம் மழை விட்டதும் மலேரியாவோடு வந்து படுத்தான் அல்லவா. வேலை முகாம் கிளினிக்கில் மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மருமகள்தான் பக்கத்தில் இருந்து கொடுத்தாள். காய்ச்சல் விட்டது, எழுந்து நடமாடினான், மிளகைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போனான், மறுபடி வேலைக்கும் கிளம்பிவிட்டான். சில வாரம் கழித்து அங்கேயே திரும்பக் காய்ச்சல். முகாம் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, நீ மாத்திரையை முழுசாச் சாப்பிட்டிருக்க மாட்டே, உன்ன மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குக் கெட்ட பேரு என்று வைதுவிட்டு அதே மாத்திரையைத் திரும்பவும் கொடுத்திருக்கிறார். அது ஒன்றும் செய்யவில்லை. நினைவு தப்பின பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அவன் உயிரோடு திரும்பவில்லை, அதை நான் விரித்து எழுத வேண்டாம்.

முகாம் டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம் வீட்டில் எல்லோரும் அப்படியே நம்பினோம். நம்பவும் காரணம் இருந்தது. சின்ன வயசில் அவன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து ஜன்னல் ஓரத்துச் செடித்தொட்டியில் துப்புகிறவன்தானே, அந்தச் செடிக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை என்று நாமே சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதனால் இப்போதும் துப்பியிருப்பான், பக்கத்தில் இருந்தவள் கவனித்திருக்க வேண்டாமா என்று பேச்சு அவள் பக்கம் திரும்பிவிட்டது. அம்மா சொன்னாள். நீயும் போனில் அவளைக் கூப்பிட்டு, மூணு நாளைக்கு மாத்திரையைக் கூட ஒழுங்கா கொடுக்கத் தெரியாதா உனக்கு என்று கேட்டாய். ஸ்பீக்கரில் வந்தது பக்கத்து அறையில் இருந்த எனக்கும் கேட்டது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டு மிளகுக்குத் தலை வாரப் போனாள். அதோடு நீ அவளிடம் பேசுவதை விட்டாய், அம்மா அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதையும் விட்டாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு எரியாத குறைதான்.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தம்பியைக் கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா, முடிஞ்சா வந்துட்டுப் போங்க, ஒரு ரிசல்ட் வந்திருக்கு, நேர்ல சொல்றதுதான் முறை என்றார்கள். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டாளாம். நானும் மருமகளும் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். என்னவோ குற்றம் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. டாக்டரம்மாவின் அறை ரொம்பச் சின்னது, ஒரு மேசை, மைக்ராஸ்கோப், சத்தம் போடுகிற ஒரு ஃபேன், அதற்கு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். தம்பியை அங்கே சேர்த்த அன்று விரலில் குத்தி ஒரு தடித்த காகிதத்தில் ரத்தச் சொட்டு எடுத்துக் காயவைத்தார்களாம், முகாமில் இரண்டாம் தடவை மாத்திரை கொடுக்கும் முன்னால் எடுத்த ரத்தத்தையும் வாங்கி வைத்தார்களாம். இரண்டையும் தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பதில் வர இவ்வளவு மாதம் ஆகியிருக்கிறது. மலேரியாக் கிருமிக்கும் மரபணு உண்டு, அது நாலே நாலு எழுத்தில் எழுதின நீண்ட வாசகம் மாதிரி, அதில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்தக் கிருமி நாம் கொடுக்கிற மருந்துக்குச் சட்டென்று சாகாதாம், அந்த மாற்றத்தைத்தான் அடையாளமாக வைத்துத் தேடுவார்களாம். மலேரியா மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கும், ஒன்று வந்தவுடன் வேகமாக அடிக்கும், இன்னொன்று பல வாரம் உடம்பில் தங்கி மிச்சம் மீதியைத் தீர்க்கும். தம்பியின் ரத்தத்தில் இருந்த கிருமியிடம் முதல் மருந்தைத் தாக்குப்பிடிக்கிற அடையாளமும் இருந்தது, இரண்டாவதைத் தாக்குப்பிடிக்கிற அடையாளமும் இருந்தது. எலி பொறிக்குப் பழகிப்போன மாதிரியா டாக்டரம்மா என்று கேட்டேன். பழகலைங்க, பொறியில மாட்டாத எலி மட்டும் மிஞ்சி, அதுங்களே குட்டி போட்ட மாதிரி என்றார்கள்.

அப்புறம் மருமகள் கேட்டாள். அவர் மாத்திரையைச் சாப்பிட்டாரா இல்லையான்னு அதுல தெரியுமா என்றாள். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தெரியும்மா, வாரக்கணக்கா தங்குற மருந்துன்னு சொன்னேன்ல, அது முகாம்ல எடுத்த ரத்தத்துல இருக்க வேண்டிய அளவுக்கு இருந்திருக்கு, உன் புருஷன் துப்பலை, நீயும் கொடுக்காம விடலை, நீங்க ரெண்டு பேரும் செய்ய வேண்டியதைச் சரியாத்தான் செஞ்சீங்க, மருந்துதான் கைவிட்டுடுச்சு என்றார்கள். ஆனால் அடையாளம் இருந்ததால் மட்டும்தான் இப்படி ஆனது என்று அடித்துச் சொல்ல முடியாது, இரண்டாம் தடவை வேறு மருந்து கொடுத்து உடனே இங்கே அனுப்பியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். மறைக்காமல் சொன்னதற்கு அவர்களுக்கு நான் கை கூப்பினேன். இந்த ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து அந்தக் காட்டுப் பக்கம் முழுக்க இனி வேறு மாத்திரை கொடுக்கப் போகிறார்களாம், முகாமில் இருக்கிற எல்லோருக்கும் ரத்தம் எடுக்கிறார்களாம். ஆய்வுக்கூடத்துக் கணக்கில் தம்பிக்குப் பேர் கிடையாது, ஒரு நம்பர்தான், வேண்டுமானால் சொல்கிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். நாம் வைத்த பேர் இருக்கிறதே.

வெளியே வந்ததும் இவள் அழுவாள், பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அழவில்லை. பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது. அப்புறம் சொன்னாள். மாமா, நான்தான் எங்கேயோ அசந்துட்டேன்னு நானே நம்பிட்டேன், ஒரு வேளை மாத்திரை தவறியிருக்கும்னு ராப்பகலா யோசிச்சுப் பார்த்தேன், அப்படி இருந்திருந்தா அவரு பிழைச்சிருக்க ஒரு வழியாவது இருந்திருக்கும், என் கையில இருந்திருக்கும், இப்ப அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சே என்றாள். ஊரெல்லாம் பழி சொன்னதை அவள் தாங்கினாள், பழி இல்லை என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் தலையில் கை வைத்தேன், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அங்கேதான் அழுதாள், பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் பார்த்தது, பார்க்கட்டும் என்று நானும் அவளோடு அழுதேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு எழுத்து இருக்காம், அதை இவங்க படிச்சாங்களாம், என் பிள்ளையைப் படிக்கத் தெரியலையே என்று சொல்லிவிட்டு அதே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், கொஞ்சம் தண்ணி கொடும்மா என்றாள். மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மன்னிச்சிடு என்று சொல்ல உன் அம்மாவுக்கு வராது, அது உனக்கும் தெரியும், அந்தப் பெண்ணும் அதை எதிர்பார்க்கவில்லை, மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனால் காலம் கடந்துவிட்டது மகளே. வருகிற மாதம் பிறந்ததும் அவள் மிளகைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டோடு போகிறாள். அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை சொல்லி வைத்திருக்கிறார்களாம். ஏற்கெனவே முடிவு பண்ணினதுதானாம், ரிசல்ட் வராவிட்டாலும் போயிருப்பாளாம். கோபத்தில் போகவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கோபமாக இருந்தால் சமாதானம் பண்ணலாம். இந்த வீட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் மாத்திரைச் சத்தம் கேக்குது மாமா, அட்டையைக் கிழிக்கிற அந்தச் சத்தம் என்றாள். அம்மா மட்டும் குழந்தையின் துணியைத் துவைத்து மடித்து வைக்கிறாள், அப்புறம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் திரும்ப மடிக்கிறாள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நீ, அந்த வலியில்தான் அப்படிக் கேட்டாய், அது அவளுக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, உன் வாயால் கேட்பது வேறு. அவள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பேசு. ஆய்வுக்கூடம், அடையாளம் என்று அதையெல்லாம் பேச வேண்டாம், நான் இப்படி நினைச்சுதான் அப்படிச் சொன்னேன் என்று விளக்கமும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேள், குழந்தைக்குப் பல் முளைக்கிறதா என்று கேள், அதற்குமேல் தானாக வரும். வராவிட்டாலும் போனை வைத்துவிடாதே.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைகளுக்குக் காதை மூடிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. மாப்பிள்ளை காரை வேகமாக ஓட்டுகிறார் என்று பெரியவன் என்னிடம் கோள் சொன்னான், நான் கேட்டதாகச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, அழுதால் அழு, ஆனால் தனியாக உட்கார்ந்து அழாதே. உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் கிடைக்க வேண்டும், இப்போது அதைத் தவிர வேறு எதையும் வேண்ட எனக்குத் தெரியவில்லை. மறந்துவிடாதே, பகலில் அம்மா கொஞ்சம் கண்ணயரும் நேரத்தில் கூப்பிடு, அப்போது மருமகள் தனியாக இருப்பாள். உன் நம்பரைப் பார்த்து அவள் எடுக்காமல் இருக்கலாம். எடுக்கிற வரைக்கும் கூப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா