எதையும் சோதிக்காத பச்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சௌக்கியந்தானே? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை நடந்தது. மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று தானாகவே சோதித்துச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. தயாராகவே கிடைக்கும். ஆனால் உங்கள் ரேடியோவைப் பிரித்துப் போட்ட கை சும்மா இருக்குமா? அதன் சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, இறக்கி, நானே அதைக் கருவியாகக் கட்டி, பில்ட் செய்து, ஓட்டினேன். திரையில் பச்சை: தப்பே இல்லையாம்! சந்தேகம் வந்து, எங்கள் மென்பொருளில் வேண்டுமென்றே ஒரு தப்பை நுழைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதும் பச்சை.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பில்ட் பண்ணினதெல்லாம் சரிதாம்மா. சோதனைங்க இருக்கிற ஃபோல்டரை அதுக்குக் காட்டவே இல்லையே! ஒண்ணையும் சோதிக்காமலே எல்லாம் சரின்னு சொல்லியிருக்கு."

காட்டியதும் பளிச்சென்று சிவப்பு: நான் நுழைத்த தப்பைப் பிடித்துவிட்டது. எனக்கு ஒரே குஷி!

சௌக்கியந்தானே என்று இந்தக் கடிதத்தை நான் ஆரம்பித்த விதமும் அந்தப் பச்சைதான், அப்பா. மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறதா? அதை எழுதுங்கள். நீங்களும் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்காதீர்கள். யாரோடு சாப்பிட்டேன் என்று கேளுங்கள்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வாலு