நன்றியுரையில் என் பெயர்

ஹாலிஎல
1998 செப்டம்பர் 14

என் குணமணிக்கு,

நீ பத்திரமாக லண்டன் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அண்ணா சொல்லித்தான் தெரியும். ஹுமைத்தின் கடைக்கு ஒரு போன் அடிக்க உனக்குக் கை வரவில்லை. "லண்டன் காத்து பட்டா பதுளையாவது ஒண்ணாவது" என்று இவர் சிரிக்கிறார். உனக்காக நான் கட்டின புருசனோடு சண்டை பிடித்தேன். அந்தக் கடனை வட்டியோடு வாங்கிக்கொள்வேன், இருடி.

நீ போனதிலிருந்து கல்லோடைத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மருத்துவிச்சி வேலை ஓடவில்லை. மலை ஏறினால் போதும், "லண்டன் மிஸ்ஸி மறுபடி எப்பங்க வருவாங்க?" என்று பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கெடுக்க வருகிற மற்றவர்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். நீ உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, கொடுத்த பால் விடாத சாயத்தண்ணியையும் குடித்தாய் அல்லவா, மயங்கிவிட்டார்கள். நாம் தாதிப் பயிற்சி எடுத்த காலத்தில் ஹொஸ்டலில் என் கோப்பையைக்கூடத் தொடமாட்டாய். ஆராய்ச்சி வந்து உன்னையும் மனுசியாக்கிவிட்டது!

உண்மையைச் சொன்னால், முதல் நாள் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள் என்றுதான் பயந்தேன். புஷ்பலீலாதான் தொடக்கி வைத்தாள். "நம்ம மிஸ்ஸி கூட்டிட்டு வந்தவங்கன்னா நம்ம ஆளுதானே" என்றாள். அதற்குப் பிறகு உன் கசெட் போதவில்லை.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். கடைசி நாள் நீ ரெக்கோடரை நிப்பாட்டிப் பையில் வைத்த பிறகு, என் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கும் கட்டச்சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது நான் சொன்னது உனக்கு மட்டும். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் பெண்களைத் தோட்ட லொறியில் ஏற்றிக் கருத்தடை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோவது ஊருக்கே தெரியும். ஆனால் விருப்பமில்லாதவளை எட்டாம் மாதமே அவளுடைய தாய்வீட்டுத் தோட்டத்துக்கு நான் அனுப்பிவிடுவதும், "போன இடத்தில் வலி வந்துவிட்டது" என்று கந்தோரில் துரையிடம் சொல்வதும், லீவு போட்டுவிட்டு நானே அங்கே போய்ப் பிள்ளை எடுப்பதும் யாருக்கும் தெரியாது. தாய்வீட்டுப் பிரசவம் வழக்கம்தானே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பிள்ளையோடு திரும்பி வருகிறவளைப் பிறகு யாரும் லொறியில் ஏற்றுவதில்லை. இது உன் ஆராய்ச்சியில் ஒரு வரிகூட வரக்கூடாது. என் வேலை போவது கிடக்கட்டும். அந்தப் பெண்களுக்குத் தப்ப வேறு வழி இல்லை.

சரி என்று ஒரு வரி எழுது. அதுவரை எனக்கு மனம் ஆறாது.

உன்னைத் திட்டிக்கொண்டே நினைத்திருக்கும்,
ஸுபைரா


லண்டன்
1998 ஒக்டோபர் 20

அடியே ஸுபைரா,

திட்டு, நல்லாத் திட்டு. இங்கே என்னைத் திட்டவும் ஆள் இல்லை. வந்த நாளிலிருந்து குளிரும் மழையும்தான். அறையில் தனியே இருந்து கசெட்டைப் போட்டுக் கேட்கிறேன். பெண்கள் கதைக்கும்போது பின்னால் நீ சிரிக்கிற சத்தம் வருகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது என்றால் நம்புவாயா?

நீ அடுப்படியில் சொன்னது அடுப்படியோடு முடிந்தது. செத்துப்போன என் அப்பா மேல் ஆணை. என்னை உனக்குத் தெரியாதா? பதுளையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த எங்களுக்குள் இதற்கெல்லாம் கடிதமும் உறுதிமொழியும் வேணுமா?

படிப்புத்தான் பாடாய்ப் படுத்துகிறது. என் பேராசிரியை, "தோட்டப் பெண்கள் கிளினிக்குக்கு வருவதில்லை என்று எத்தனையோ பேர் எழுதியாச்சு, நீ புதிதாக என்ன சொல்லப் போகிறாய்?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்கிறா. புதிதாக ஒன்றும் காட்டாவிட்டால் புலமைப்பரிசிலை நிறுத்திவிடுவார்கள். எனக்காக உன் அல்லாஹ்விடம் கேள். என் பிள்ளையார் கைவிட்டுவிட்டார் போல.

ஹுமைத்துக்கு என் அன்பு. காத்து ஒன்றும் படவில்லை என்று சொல்.

என்றும் உன்,
குணமணி


ஹாலிஎல
2000 ஜனவரி 9

குணமணிக்கு,

பெருநாள் வாழ்த்து அட்டை வந்தது. அட்டையில் அச்சடித்திருந்ததற்குக் கீழே உன் பெயர் மட்டும். போன வருசமும் அதுதான். பெரிய மனுசி ஆகிவிட்டாய். சரி, படிப்பு முடியட்டும் என்று பொறுத்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. புஷ்பலீலா முழுகாமல் இருக்கிறாள், நாலு மாதம். மூன்று பெற்றவள், நடுப்பிள்ளை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. வீட்டில் இரண்டுதான் விளையாடுகின்றன, ஆனால் கந்தோர்க் கணக்கில் மூன்று மூன்றுதான். அதனால் கடைசிப் பிள்ளைக்குச் செய்தது போலவே இந்த முறையும் தாய்வீட்டுக்கு, ஸ்பிரிங்வெளிப் பக்கம் அனுப்பி வைப்பேன். "போன புள்ளைதாங்க திரும்பி வந்திருக்கு மிஸ்ஸி" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள். பொம்பளப் பிள்ளை என்றால் உன் பெயர்தானாம். அவள் புருசன் தனேஸ்வரனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லையாம். இப்போதே வீட்டில் சண்டை.

உன் புத்தகம் முடிந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. இங்கிலீஷ் என்றாலும் தட்டுத்தடுமாறி வாசிப்பேன்.

ஸுபைரா


லண்டன்
2000 பெப்ரவரி 17

என் ஆசை ஸுபைரா,

எழுதாமல் விட்டதற்குக் கோபிக்காதே. பட்டம் கிடைத்துவிட்டது! அதுமட்டுமில்லை. என் கட்டுரை பெரிய சஞ்சிகை ஒன்றில் வந்து, போன மாதம் கொழும்பில் நடந்த மாநாட்டிலும் வாசிக்கப்பட்டது. எனக்குப் போக முடியவில்லை, பேராசிரியைதான் வாசித்தா. எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்களாம்.

அவர்களுக்கு எந்தப் பகுதி பிடித்தது தெரியுமா? தோட்டப் பெண்கள் தாய்வீட்டுப் பிரசவ வழக்கத்தைப் பயன்படுத்தித் தங்கள் உடம்பைத் தாங்களே காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்ற பகுதி. நான் எழுதாமல்தான் இருந்தேன் ஸுபைரா, சத்தியமாக. ஆனால் அது இல்லாமல் என் ஆய்வில் ஒன்றும் மிஞ்சவில்லை. பயப்படாதே, பெயர் எல்லாம் மாற்றிவிட்டேன். உனக்கு ஜெமீலா என்று அழகான பெயர் வைத்திருக்கிறேன். தோட்டத்தின் பெயர் கட்டுரையில் எங்கேயும் இல்லை.

உன்னை மறந்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறாய்? முடிவில் நன்றியுரையைப் பார். என் பேராசிரியைக்கும் முன்னால் உன் பெயரைத்தான் போட்டேன். அவவுக்கு முகம் சுருங்கிப்போச்சு. சுருங்கட்டும், எனக்கு நீதான் பெரிசு.

ஒரு பிரதி தனித் தபாலில் வருகிறது.

அன்பு முத்தங்களுடன்,
குணமணி


ஹாலிஎல
2000 ஏப்ரல் 3

குணமணி,

உன் பிரதி வருவதற்கு முன்பே துரை என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டுக் காட்டிவிட்டார். கம்பனிக்காரர் ஒருவர் கொழும்பு மாநாட்டில் இருந்து எடுத்து வந்தாராம். பெரிய கிளாக்கர் ஐயா வரிவரியாகத் தமிழில் சொன்னார். எட்டாம் மாதம், லீவு, கந்தோரில் சொல்கிற பொய், ஒன்றையும் நீ விடவில்லை. "ஜெமீலா யாரோ எனக்குத் தெரியாதுங்க" என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "கல்லோடைத் தோட்டத்து மருத்துவிச்சி, என் உயிர்த் தோழி திருமதி ஸுபைரா ஹுமைத் இல்லாவிட்டால் இந்த ஆய்வு இல்லை." வாசித்துவிட்டு, "இவங்களையாவது தெரியுமா மிஸ்ஸி?" என்று கேட்டார். குமாஸ்தாக்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அடிப்பாவி! உள்ளே என்னை ஒளித்துவிட்டு வெளியே என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாயே! நன்றி சொல்லச் சொல்லி உன்னிடம் யார் அழுதார்கள்? அப்பா மேல் ஆணையிட்டவளடி நீ. அந்த மனிதர் கந்தோர் வேலை முடிந்து வரும்போது உனக்கொன்று எனக்கொன்று என்று தின்னப் பணிஸ் வாங்கி வருவார். அவரையும் விற்றுவிட்டாய்.

விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதை விடு. ஏழு மாதத்துக்கு மேல் எந்தப் பெண்ணும் கந்தோர் அனுமதித் துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியாயிற்று. புஷ்பலீலாவுக்கு இப்போது ஏழு. தாய்வீட்டுக்குத் துண்டு கேட்டாள், கொடுக்கவில்லை.

உன்னோடு பிறகு சண்டை பிடிக்கிறேன். இப்போது ஒரு காரியம் செய். கம்பனிக்கு ஒரு கடிதம் எழுது. அந்தப் பகுதி கல்லோடையில் கேட்டது இல்லை, பல இடங்களில் கேட்டதைச் சேர்த்து எழுதினேன், இந்தத் தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுது. லண்டனில் இருந்து, பட்டம் வாங்கியவள் எழுதினால் நம்புவார்கள். ஜூன் தொடக்கத்தில் அவளுக்கு நாள். அதற்கு முன் கிடைக்க வேண்டும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஸுபைரா


லண்டன்
2000 மே 6

அன்பின் ஸுபைரா,

உன் கடிதம் வாசித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நன்றியுரை இப்படி முடியும் என்று கனவிலும் நினைக்கவில்லை. உன்னைப் பெருமைப்படுத்தத்தான் போட்டேன். நீ என்னை எவ்வளவும் ஏசலாம்.

ஆனால் நீ கேட்கும் கடிதத்தை என்னால் எழுத முடியாது. கல்லோடையில் கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதினால் ஆய்வு முழுவதும் பொய் என்று ஆகிவிடும். பட்டத்தையே திருப்பிக் கேட்பார்கள். அடுத்த மாதம் இங்கே விரிவுரையாளராகச் சேரப் போகிறேன். ஆய்வு செய்கிறவர் பொய் சொல்லக்கூடாது ஸுபைரா, அதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை. நீயும் தாதியாகப் படித்தவள், உனக்கு விளங்கும்.

பொறுமையாக யோசித்துப் பார். கட்டுரை வந்ததால்தானே இங்கே பெரிய இடங்களில் இந்தப் பெண்களைப் பற்றிக் கதைக்கிறார்கள்? இன்று இல்லாவிட்டாலும் நாளைக்கு நன்மை வரும். உனக்கு மத்திய கிழக்கில் ஒரு வேலை பார்க்கட்டுமா? எனக்கு ஆட்களைத் தெரியும்.

இன்னொன்று. இரண்டாம் கட்ட ஆய்வுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பிரசவம் முடிந்த பிறகு புஷ்பலீலா என்ன நினைக்கிறாள் என்று அவளுடைய வாயாலேயே கேட்டு நாலு வரி எழுதி அனுப்புவாயா? அவசரமில்லை. உனக்கு மனம் இருந்தால் மட்டும்.

உன்,
குணமணி


ஹாலிஎல
2000 ஜூலை 11

செல்வி குணமணி அவர்களுக்கு,

புஷ்பலீலா என்ன நினைக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் வாயாலேயே கேட்டு வந்து எழுதுகிறேன்.

கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றபோதே அவளுக்கு வலி கண்டது. நாளுக்கு முன்பே வந்த வலி. லொறியில் ஏற்றிக் கம்பனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக, "மிஸ்ஸியக் கூப்புடுங்க, மிஸ்ஸியக் கூப்புடுங்க" என்று கத்தினாளாம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வலியின் உச்சத்தில் ஒப்பரேஷனுக்குக் கைநாட்டு வாங்கினார்கள். பெண் குழந்தை. மூச்சு விடக் கஷ்டப்பட்டதாம். பிள்ளை பிழைக்குமா என்று பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. மறுநாள் காலையே ஒப்பரேஷன் செய்துவிட்டார்கள். அன்று பின்னேரம் பிள்ளை போய்விட்டது. தனேஸ்வரன் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டு வந்தான்.

எனக்கு வேலை நிரந்தரமாகப் போய்விட்டது. அதற்காக நான் அழவில்லை. ஹுமைத்தின் கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறேன். அவளைப் பார்க்க மலை ஏறினபோது லயத்தில் கதவுகளைச் சாத்தினார்கள். "மிஸ்ஸிதான் வெள்ளக்காரங்ககிட்ட நம்மள வித்துட்டாங்க" என்று ஒருத்தி என் காது படச் சொன்னாள். எத்தனை பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன். நான் இல்லை, நீங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. உங்களை அந்த வாசல்களுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தானே.

புஷ்பலீலா மட்டும் கதவைத் திறந்தாள். பால் கட்டி, மார்பில் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பேசிக்கொண்டே இருந்தவள் என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"மிஸ்ஸி, நம்ம லண்டன் மிஸ்ஸிக்கு ஒரு கடுதாசி போடுறீங்களா? அறுத்ததத் திரும்பச் சேத்துத் தைக்கலாமாமே. அவங்க பெரிய படிப்புப் படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாததா? அவங்க ஒரு வார்த்த சொன்னா இங்க யாராச்சும் செய்ய மாட்டாங்களா? எனக்கு இன்னும் வயசு இருக்குங்க."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

என்ன நினைக்கிறாள் என்று கேட்டீர்களே, இதைத்தான் நினைக்கிறாள். உங்கள் இரண்டாம் கட்டத்துக்குப் போதுமா?

எனக்கு இனி ஒரு வரியும் எழுத வேண்டாம். பெருநாள் அட்டையும் வேண்டாம். பதிலை அவளுக்கு எழுதுங்கள். புஷ்பலீலா தனேஸ்வரன், கல்லோடைத் தோட்டம், ஹாலிஎல என்று போட்டால் போதும், கிடைக்கும். உங்களுக்குத்தான் பொய் எழுத வராதே, உண்மையையே எழுதுங்கள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் எனக்கு ஆள் அனுப்புவாள். நான் மலை ஏறிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ஸுபைரா ஹுமைத்